நானே வடிவமைத்த மாயவாள் சண்டையையே முடித்துவிடுகிறது, எங்கே தப்பு?

புது_டிஎம்:
டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர விளையாட்டு) ஐந்தாம் பதிப்பு, 2014 விதிகள். நான்தான் டிஎம், அதாவது கதையையும் எதிரிகளையும் நடத்துபவர். நான்கு பேர், எல்லாரும் 5ஆம் லெவல். ஃபைட்டருக்கு (போர்வீரர்) ‘இடிநாக்கு’ என்று ஒரு லாங்ஸ்வோர்ட் செய்துகொடுத்தேன். +2 வாள், அதாவது தாக்கும் பகடையிலும் டேமேஜிலும் 2 கூடும். அடி விழுந்தால் கூடுதலாக 2டி6 (இரண்டு ஆறுமுகப் பகடை) மின்னல் டேமேஜ். அடி வாங்கியவர் டிசி 15 கான்ஸ்டிடியூஷன் சேவ் போடவேண்டும் (இருபதுமுகப் பகடையோடு உடல்வலு எண்ணைக் கூட்டி 15-ஐத் தொடவேண்டும்). தவறினால், ஃபைட்டரின் அடுத்த டர்ன் முடியும்வரை ஸ்டன், அதாவது எதுவும் செய்யமுடியாமல் திகைத்து நிற்பார்.

ஓகர் (அரக்கர்) தலைவன் ஒருவனுக்காக ஒரு வாரம் உட்கார்ந்து வசனமெல்லாம் எழுதினேன். அவன் வாயையே திறக்கவில்லை. ஓகரின் 59 ஹிட் பாயிண்டை (உயிர்ப்புள்ளி) 120 ஆக்கியும் நின்ற இடத்திலேயே செத்தான். 2டி6-ஐ 1டி6 ஆக்கினால் சரியாகுமா?

பகடைப்பித்தன்:
ஆகாது. அதனால் ஒரு அடிக்குச் சராசரியாக 3.5 குறையும், அவ்வளவுதான். ஸ்டன்தான் வில்லன். ஓகருக்கு கான்ஸ்டிடியூஷன் சேவ் +3. டிசி 15-ஐத் தொட 12 அல்லது அதற்கு மேல் விழவேண்டும், அதாவது தவறும் வாய்ப்பு 55%. ஒரு டர்னில் ஃபைட்டர் அடிக்கும் இரண்டு அடியும் பட்டால் குறைந்தது ஒரு சேவ் தவற 80%. ஆக்‌ஷன் சர்ஜ் (அதே டர்னில் இன்னொருமுறை தாக்கவிடும் ஃபைட்டர் திறன்) போட்டு நான்கும் பட்டால் 96%. ஸ்டன் ஆனவன் மேல் எல்லாருக்கும் அட்வான்டேஜ் (இரண்டு பகடை போட்டுப் பெரியதை எடுப்பது) வேறு. அப்புறம் எங்கே எழுந்திருப்பான்?

மூலைமேசை:
ஒரு சந்தேகம். உங்கள் பார்ட்டியில் (ஆடும் குழுவில்) மாங்க், அதாவது வெறுங்கையால் சண்டைபோடும் துறவி, இருக்கிறாரா?

புது_டிஎம்:
இருக்கிறார். ரெண்டு செஷனாக போனையே பார்த்துக்கொண்டிருக்கிறார்…

மூலைமேசை:
அதேதான் நினைத்தேன். 5ஆம் லெவலில்தான் மாங்குக்கு ஸ்டன்னிங் ஸ்ட்ரைக் (அடித்து ஸ்டன் ஆக்கும் திறன்) வருகிறது. கையில் இருப்பதே 5 கி பாயிண்ட் (மாங்கின் திறன்களுக்குச் செலவாகும் சக்தி), ஒவ்வொரு முயற்சிக்கும் ஒன்று போகும். அதே வேலையை வாள் இலவசமாகச் செய்தால் அவர் எதற்கு? ஒரு ஆயுதம் இன்னொரு கிளாஸின் (பாத்திர வகையின்) பிழைப்பில் கைவைக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். எண்கணக்கெல்லாம் பிறகு.

பகடைப்பித்தன்:
எண்ணிலும் கோளாறு இருக்கிறது. வெறும் +2 வாளே ‘ரேர்’ (அரிய பொருள்) தரம். ஃப்ளேம் டங் என்ற தீவாளும் ‘ரேர்’, அதில் 2டி6 மட்டும்தான், பிளஸ் கிடையாது, அட்யூன்மென்ட்டும் (வாளோடு தன்னைப் பிணைத்துக்கொள்வது) வேண்டும். நீங்கள் ரெண்டையும் ஒட்டவைத்து, மேலே ஸ்டன்னையும் தூவியிருக்கிறீர்கள். +2-ஐ எடுத்துவிடுங்கள், 2டி6 இருக்கட்டும், அட்யூன்மென்ட் வையுங்கள். ஸ்டன்னுக்குப் பதில் 3 சார்ஜ் (மூன்று முறை பயன்படுத்தலாம்), விடியலில் நிரம்பும். அடி பட்டபின் ஒன்றைச் செலவழித்தால் எதிரி அவனுடைய அடுத்த டர்ன் தொடங்கும்வரை ரியாக்‌ஷன் எடுக்கமுடியாது, அதாவது விலகிப்போகிறவரைத் திருப்பி அடிக்கமுடியாது. ஷாக்கிங் கிராஸ்ப் மந்திரம் செய்வதுதான் இது. மாங்க் பயமில்லாமல் உள்ளே போய்க் குத்திவிட்டு வெளியே வரலாம்.

இரவுக்காவலன்:
எதற்கு இவ்வளவு? ஒரு திருடனை விட்டு வாளைத் தூக்கிவிடுங்கள், முடிந்தது.

மூலைமேசை:
வேண்டவே வேண்டாம். அடுத்த நாலு செஷனும் திருடனைத் தேடுவதிலேயே போகும். ஆட்டம் தொடங்குமுன் “நான் கணக்கில் கோட்டைவிட்டேன், மாற்றுகிறேன்” என்று நேராகச் சொல்லிவிடுங்கள். பெயரையும் மின்னலையும் மட்டும் தொடாதீர்கள், ஃபைட்டருக்குப் பிடித்தது அதுவாகத்தான் இருக்கும்.

புது_டிஎம்:
நேற்று ஆடினோம். ஃபைட்டர் கொஞ்சம் முணுமுணுத்தார், அப்புறம் சரி என்றார். ஓகரின் தம்பி பழிவாங்க வந்து நான்கு சுற்று தாக்குப்பிடித்தான். வசனம்தான் பாதியில் நின்றது. ஃபைட்டர் சார்ஜ் போட்டுக் கொடுத்த இடைவெளியில் மாங்க் புகுந்து வாயிலேயே குத்திவிட்டார்.