காமன் கூத்துக்குக் கடிதத்தில் அழைப்பது எப்படி?

தலவாக்கலைத் தம்பி கேட்டது:

வணக்கம். எனக்கு 26 வயது. எனக்குப் பிடித்த பெண்ணுக்கு 24, இலங்கை மலையகத்தில் கொட்டகலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துச் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) வேலை. இரண்டு கல்யாண வீடுகளில் பேசியிருக்கிறோம். முறை சரிதான், மாமன் மகள் முறை வரும். அவங்க வீட்டில் ஒரே போன், அது அண்ணன் கையில். அதனால் கடிதம் எழுதலாம் என்றிருக்கிறேன். மாசியில் எங்கள் தோட்டத்தில் ஆடும் காமன் கூத்துக்கு, காமனான மதன் எரிந்து உயிர்த்தெழும் கதைக்கு, வரச் சொல்லிக் கேட்க வேண்டும். விலாசம் எப்படி எழுதுவது, என்ன எழுதலாம், எது கூடாது, எத்தனை நாள் முன்னால் போடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தபால் பை எழுதியது:

தம்பி, கடிதம் தவறுவது பெரும்பாலும் விலாசத்தில்தான். தோட்டத்துக் கடிதம் லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) வாசலுக்கு நேராக வருவது குறைவு. தபால் கந்தோரிலிருந்து கட்டாகத் தோட்ட ஆபீசுக்குப் போய், அங்கிருந்து யாராவது ஒருவர் கையில் டிவிஷனுக்கு, தோட்டத்தின் அந்தப் பிரிவுக்கு, வரும். இரண்டு மூன்று கை மாறும்போது அரைகுறை விலாசம் என்றால் ஆபீஸ் மேசையிலேயே கிடந்துவிடும்.

ஒரே டிவிஷனில் மூன்று ராஜேஸ்வரி இருப்பார்கள். அப்பாவின் முதலெழுத்து மட்டும் போதாது, அப்பா பெயரை முழுதாக எழுதுங்கள். அதன் கீழே லயத்து இலக்கம், வீட்டு இலக்கம், டிவிஷன், தோட்டம், கடைசியாகத் தபால் கந்தோர் ஊர். தோட்டத்துக்கு நாம் வாயில் சொல்லும் தமிழ்ப் பெயர் ஒன்றாக இருக்கும், பதிவில் உள்ள ஆங்கிலப் பெயர் வேறாக இருக்கும். உறையில் பதிவுப் பெயர்தான் வர வேண்டும். தமிழில் எழுதி, அதற்குக் கீழே ஆங்கில எழுத்திலும் எழுதிவிடுங்கள். பிரிக்கிறவர் கண்ணுக்கு ஏதாவது ஒன்று பட்டால் போதும்.

பின்பக்கம் உங்கள் பெயரும் விலாசமும், தலவாக்கலை 22100 என்ற குறியீட்டோடு, கட்டாயம் இருக்கட்டும். பெயரில்லாத கடிதம்தான் வீட்டில் சந்தேகத்தைக் கிளப்பும்.

முத்திரை விஷயத்தில் பலர் பழைய கணக்கிலேயே இருக்கிறார்கள். சாதாரணக் கடிதத்துக்கு 15 ரூபாய் இருந்தது, 2022 ஆகஸ்ட்டில் 50 ரூபாய் ஆனது. கந்தோரில் ஒருமுறை கேட்டுவிட்டே ஒட்டுங்கள். குறைத்து ஒட்டினால் வாங்குகிறவரிடம் காசு கேட்பார்கள். அவங்க ஆபீசில் நின்று காசு கட்டுவதைவிட வெட்கக்கேடு வேண்டாம். ரெஜிஸ்டர் தபாலும் வேண்டாம். கையெழுத்துப் போட்டு எடுக்க வேண்டும், பேங்கா கோர்ட்டா என்று வீடே கூடிவிடும்.

மை பேனா தொடாதீர்கள், நனைந்தால் கரைந்துவிடும். போல்பொயின்ட் பேனாதான். நம் பக்கத்து ஈரக் காற்றில் உறையின் பசையும் விட்டுக்கொள்ளும், மேலே ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள்.

மேமலை அக்கா எழுதியது:

விலாசம் சரி. உள்ளே என்ன என்பதைச் சொல்கிறேன். அந்தக் கடிதத்தை அவள் மட்டும்தான் படிப்பாள் என்று நினைத்து எழுதாதீங்க தம்பி. அண்ணனோ அப்பாவோ உடைத்துப் படித்தாலும் அவளுக்கு ஒரு சொல் வராத மாதிரி எழுதணும். அப்படி எழுதினால் கடிதத்தில் அன்பு குறைந்துபோகாது. அவள் மானத்தைக் காப்பாற்ற நினைக்கிறவன் என்று அவளுக்கே புரியும்.

முதல் கடிதம் ஒரு பக்கம் போதும். பெயர் சொல்லி, ‘நீங்கள்’ போட்டு எழுதுங்க. ‘அன்பே’, ‘உயிரே’ எல்லாம் அவள் பதில் போட்ட பிறகு வரட்டும். எங்கே பேசினீர்களோ அதை ஒரு வரியில் நினைவுபடுத்துங்க. அவள் சொன்ன ஏதாவது ஒன்றை, மடுவத்துப் பிள்ளைகளைப் பற்றியோ எதுவோ, நீங்கள் மறக்கவில்லை என்று காட்டுங்க. அழகைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவதைவிட அது மனதில் நிற்கும். சினிமாப் பாட்டு வரியை எடுத்துப் போடாதீங்க, யாருக்கும் எழுதக்கூடிய கடிதமாகிவிடும்.

அழைக்கிற இடத்தை இப்படி வைக்கலாம்:

‘எங்கள் தோட்டத்தில் இந்த மாசி காமன் கூத்து. உங்களுக்கு விருப்பமென்றால் அம்மாவோடோ அக்காவோடோ வாருங்கள். என் அம்மாவும் தங்கச்சியும் திடலில் இருப்பார்கள், அவர்களோடு உட்காரலாம். வர முடியாவிட்டாலும் ஒன்றுமில்லை, ஒரு வரி எழுதினால் போதும்.’

கடைசி வாக்கியத்தை விட்டுடாதீங்க. மறுக்க வழி இல்லாத அழைப்பு அவளுக்குப் பாரம். உங்கள் விலாசம் எழுதி, முத்திரை ஒட்டிய உறை ஒன்றை மடித்து உள்ளே வைங்க. முத்திரை வாங்க டவுனுக்குப் போக அவளுக்கு நேரமோ காரணமோ கிடைக்காமல் போகலாம்.

மடுவத்துப் பிள்ளைகள் கையில் சீட்டுக் கொடுத்தனுப்புவது மட்டும் கூடவே கூடாது. அவள் வேலைக்கே கேடு.

மாசிப் பிறை எழுதியது:

கூத்து நாளைக் கணக்குப் பண்ணாமல் கடிதம் போடாதீர்கள். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் காமன் கம்பம் ஊன்றுவார்கள். பௌர்ணமியில் மதன் எரிவது. அது போயா நாள், அதாவது பௌர்ணமி விடுமுறை. போயாவிலும் ஞாயிறிலும் தபால் நடக்காது. ஆகவே அமாவாசைக்கு ஒரு வாரம் முன்னாலேயே போட்டுவிடுங்கள். போய்ச் சேரவும் பதில் வரவும் மூன்று வாரம் கையில் இருக்கும். நாளைக் கோயில் கமிட்டியில் கேட்டு, தேதியாகவே எழுதுங்கள்.

எரிக்கிற இரவு முழுவதற்கும் அழைக்க வேண்டாம் என்பது என் எண்ணம். ரதி மதன் கல்யாணக் கட்டத்துக்கு அழையுங்கள். வெளிச்சம், சிரிப்பு, வயதான பெண்கள் எல்லாம் கூடியிருக்கிற நேரம் அது. தூதன், எமன், வீரபத்திரன் என்று வேடங்கள் வர வர இரவு நீளும். எரிந்த பின் ரதி புலம்பும் ஒப்பாரி விடியற்பக்கம். அது கூத்தின் உச்சம்தான். ஆனாலும் புதிதாக மனம் கொடுக்கிற பெண்ணைத் தாலி இழந்தவள் அழுகையைக் கேட்க முதன்முதலில் அழைப்பதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. எரிந்த மூன்றாம் நாள் மதனை உயிர்ப்பிக்கும்போது வரச் சொல்வதும் நல்லது. பகலில் வைக்கிற தோட்டமென்றால் பஸ் கவலையும் இல்லை.

திடலில் தப்பு மேளம் அடிக்கிறவர்கள் பக்கம் உட்கார வைக்காதீர்கள். பனியில் தப்பின் தோல் தளர்ந்துபோகும், அடிக்கடி தீமூட்டிக் காய்ச்சுவார்கள். புகை முகத்தில் அடிக்கும், சத்தத்தில் ஒரு சொல் கேட்காது. காற்று வரும் பக்கமாக, கொஞ்சம் மேட்டில் சாக்கு விரித்து வையுங்கள். ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரம், மாசிக் குளிர். இரண்டு கம்பளி, ஒரு பிளாஸ்க் இஞ்சித் தேத்தண்ணி.

திரும்பிப் போக ஆட்டோ ஒன்றை முன்கூட்டியே பேசி, அதையும் கடிதத்தில் எழுதுங்கள். அவங்க அம்மா முதலில் கேட்பது அதைத்தான். இரவில் தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் நடத்திக் கூட்டிப் போகவே கூடாது, சிறுத்தைப் புலி நடமாட்டம் உண்டு.

நீங்கள் வேடம் கட்டுகிறீர்களா? காப்புக் கட்டியவர் விரதத்தில் இருப்பவர், அன்றைக்கு நின்று பேச முடியாது. அதையும் முன்னரே சொல்லிவிடுங்கள்.

தலவாக்கலைத் தம்பி எழுதியது:

வேடம் இல்லை அண்ணே, விளக்குப் பொறுப்பு மட்டும். கல்யாணக் கட்டத்துக்கே கேட்கிறேன். அக்கா, பதில் வராவிட்டால்?

மேமலை அக்கா எழுதியது:

மூன்று வாரம் பாருங்க. ஆபீசில் தங்கியிருக்கலாம் என்பதால் இன்னொரு கடிதம் போடலாம், சின்னதாக, முதல் கடிதம் கிடைத்ததா என்று மட்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் அதுதான் பதில். மூன்றாவது எழுதாதீங்க, மடுவத்து வாசலில் போய் நிற்காதீங்க. பதில் வந்து அவளுக்கும் விருப்பம் என்றால், கூத்துக்கு முன்னால் உங்கள் அம்மா காதில் போட்டு வைங்க. திடலில் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளப் போவது அவங்கதானே.