பாண்டியனுக்காக வாதாட வேண்டும், கை கொடுங்கள்

நண்பர்களே, அடுத்த வாரம் எங்கள் வாசிப்புக் குழுவில் வழக்காடு மன்றம். சிலப்பதிகாரத்தின் கோவலன் கொலை வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் பாண்டியன் நெடுஞ்செழியன். சீட்டு குலுக்கியதில் அவனுக்கு வாதாடும் வேலை என் தலையில் விழுந்தது. கண்ணகி பக்கம் பேச அத்தனை பேரும் வரிசையில் நின்றார்கள்!

என்னிடம் இருப்பது இதுதான். பொற்கொல்லன் சொன்னதைக் கேட்டதும், தேவியின் சிலம்பு கள்வன் கையில் இருந்தால்தான் அவனைக் கொல்லச் சொல்கிறான் அரசன். நிபந்தனையோடு வந்த ஆணை. காவலர்கள் கோவலனைப் பார்த்து, இவன் கள்வனாகத் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். அப்போதும் வாளை ஓங்கியவன் ஒரு முரடன். அப்புறம், வாழ்த்துக் காதையில் கண்ணகியே பாண்டியன் தீதற்றவன், நான் அவன் மகள் என்கிறாள். பாதிக்கப்பட்டவளே தரும் சாட்சி என்று இதைக் கடைசிவரை ஒளித்து வைக்கப் போகிறேன்.

ஆனால் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்கிறேன். ஊடிய தேவியைச் சமாதானம் செய்யும் அவசரத்தில், கோவலனை அழைத்து ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லையே, அதற்கு என்ன சொல்வது? தேவியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்துப் பார்த்த அன்று தெரிந்தது முன்பே ஏன் தெரியவில்லை? அவனே 'யானே கள்வன்' என்று சொல்லி உயிர் விட்டதை எதிர்த்தரப்பு ஒப்புதல் வாக்குமூலம் என்று பிடித்துக்கொள்ளும்.

உருக்கமான பேச்சு வேண்டாம், காப்பியத்துக்குள் இருக்கும் ஆதாரம்தான் வேண்டும். உரையாசிரியர்கள் அரசனுக்குச் சாதகமாக ஏதாவது எழுதியிருந்தால், காதையின் பெயரோடு சொல்லுங்கள்.