காற்றில் சீற் பறந்த கூரை: தறப்பாள் எப்படிக் கட்டினால் நிற்கும்?

உப்புவெளி வீடு
எல்லோருக்கும் வணக்கம். முந்தாநாள் இரவுக் காற்றில் எங்கள் வீட்டுப் பின்பக்கக் கூரையில், முகட்டுக்குக் கொஞ்சம் கீழே, நாலு அஸ்பெஸ்டஸ் சீற் போய்விட்டது, முன் விறாந்தையில் ஓடுகளும் சரிந்து கிடக்கின்றன. கூரை வேலைக்காரர் எல்லாருக்கும் இப்போது கை நிறைய வேலை, தைப்பொங்கலுக்குப் பிறகுதான் வருவோம் என்கிறார்கள். அதுவரை மாரி விடாது. அம்மா படுக்கையில் இருக்கிறா, அவவை வேறு எங்கும் கொண்டுபோக முடியாது. ஓட்டையை மூடுகிற அளவுக்கு ஒரு நீலத் தறப்பாள் வாங்கி, மேலே மண்மூட்டை வைத்தோம். நேற்று இரவே ஒரு மூலை கிழிந்து படபடவென்று அடித்தது, தண்ணீரும் முன்னை விடக் கூட உள்ளே வந்தது. என்ன செய்யலாம்?

மரவேலை திருமலை
தங்கச்சி, ஓட்டையை மட்டும் மூடினால் அப்படித்தான் நடக்கும். முகட்டிலிருந்து வழிந்து வரும் தண்ணீர் தறப்பாளின் மேல் விளிம்புக்குள் புகுந்து, அடியால் ஓடி நேரே வீட்டுக்குள் விழும். தறப்பாள் முகட்டைத் தாண்டி மற்றப் பக்கம் மூன்று நாலு அடியாவது இறங்க வேண்டும். கீழ்ப்பக்கம் இறவாரம் வரை எட்டாவிட்டால் பரவாயில்லை, நல்ல சீற்றின் மேலே விளிம்பு படுத்தால் தண்ணீர் அதன் வழியே போய்விடும். குறைந்தால் கீழே குறையட்டும், மேலே குறையக் கூடாது.

அடுத்தது, ஓரத்தில் இருக்கிற கண்களில் மட்டும் கயிறு போட்டு நம்பாதீர்கள். காற்று முழுவதும் அந்தச் சின்ன வளையத்தில்தான் இழுக்கும், முதலில் கிழிவதும் அதுதான். 2க்கு 1 அங்குலச் சிலாகையை விளிம்பில் வைத்துத் தறப்பாளை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி ஆணி அடியுங்கள், பிறகு அந்தச் சிலாகையைக் கயிற்றால் இறவாரத்துக்கு வெளியே நீட்டி நிற்கிற கைமரத்தில் இறுக்கிக் கட்டுங்கள். இரண்டு பக்கமும் அப்படித்தான். சீற் போன இடத்தில் வளை, அதுதான் சீற்றைத் தாங்குகிற குறுக்கு மரம், வெளியே தெரியுமல்லவா, அதன் மேல் முகட்டிலிருந்து கீழ்நோக்கிக் கமுகஞ்சிலாகையோ மூங்கிலோ நெருக்கி அடித்துவிட்டுத் தறப்பாளைப் போடுங்கள். இல்லாவிட்டால் அது தொய்ந்து குளமாகும். 6க்கு 4 அடிப் பள்ளத்தில் 2 அங்குலம் தண்ணீர் நின்றாலே நூறு கிலோவைத் தாண்டும்.

கிண்ணியா நானா
மண்மூட்டையை உடனே இறக்குங்கள். மழையில் மண் ஊறிப் பாரம் ஏறும், பழைய சீற் அதற்குத் தாங்காது. அப்புறம் இன்னொன்று, சீற்றில் புதுசாக ஆணி அடிக்கவோ துளை போடவோ வேண்டாம். வெடிக்கும், வெடிக்காவிட்டாலும் அந்தத் தூசு நெஞ்சுக்குக் கெடுதல். உடைந்து கிடக்கிற துண்டுகளைத் தண்ணீர் தெளித்து நனைத்து எடுத்து, பொலித்தீன் பையில் கட்டி வையுங்கள், காய்ந்த பிறகு விளக்குமாற்றால் கூட்டவே கூடாது. ஏறுகிறவர் சீற்றின் நடுவில் மிதிக்காமல் போல்ட் அடித்திருக்கிற வரிசையில், அடியில் வளை இருக்கிற இடத்தில், பலகை போட்டு மிதிக்க வேண்டும். ஈரத்தில் ஏறவே வேண்டாம்.

நிலாவெளி அக்கா
அதற்கு முன்னால் மெயின் சுவிட்சைப் பாருங்கள். தண்ணீர் சீலிங்குக்குள் இறங்கினால் வயர் வழியாகவும் பல்ப் ஹோல்டர் வழியாகவும் சொட்டும், சின்னக் கசிவு என்று விடக் கூடாது. சீலிங் ஓரிடத்தில் வயிறு போல் தொங்கினால் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கீழே வாளி வைத்து, அந்த இடத்தில் ஒரு சின்னத் துளை போட்டுத் தண்ணீரை இறக்குங்கள், முழுச் சீலிங்கும் அம்மாவின் கட்டிலில் விழுவதை விட அது மேல். எதையும் தொடுவதற்கு முதல் படம் எடுத்துக் கிராம சேவகரிடம் பதிந்து விடுங்கள். மூடிய பிறகு சேதத்தை யாருக்குக் காட்டுவது?

உப்புவெளி வீடு
மிகவும் நன்றி. மூட்டையை இறக்கிவிட்டோம், படமும் எடுத்தாச்சு. முகட்டைத் தாண்ட ஒரு தறப்பாள் காணாது, இரண்டைச் சேர்த்துப் போடலாமா? விறாந்தை ஓட்டுக்கும் அதேதானா?

மரவேலை திருமலை
ஓட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. சரிந்த ஓடுகளைக் கழற்றி அடுக்கி வையுங்கள், அதற்கு மேல் வரிசை ஓடுகளை மெதுவாகத் தூக்கித் தறப்பாளின் மேல் விளிம்பை அதற்கு அடியில் செருகினால் போதும், ஓடே அழுத்திப் பிடிக்கும்.

இரண்டைச் சேர்ப்பதென்றால் பக்கத்தில் பக்கத்தில் போட்டு இரண்டு அடியாவது ஒன்றின் மேல் ஒன்று ஏற விடுங்கள். இப்போது வாடைக்காற்று கடல் பக்கமிருந்துதான் அடிக்கிறது, அதனால் கடல் பக்கத் தறப்பாள் மேலே வர வேண்டும், மாறிப் போட்டால் காற்று அந்த மூட்டுக்குள் புகுந்து இரண்டையும் தூக்கிவிடும். மேலும் கீழுமாகச் சேர்ப்பதென்றால் மேலே உள்ளது கீழே உள்ளதன் மேல் படுக்கட்டும். நீலத் தறப்பாள் மெல்லியது, வெயிலில் சீக்கிரம் நொறுங்கும், காசு இருந்தால் தடித்ததை வாங்குங்கள்.

இது மாரிக் காற்றுக்குத்தான், சூறாவளிக்கு இல்லை. 2020 டிசம்பரில் புரெவி இங்கே குச்சவெளிப் பக்கம்தானே கரையேறியது. அந்த மாதிரி எச்சரிக்கை வந்தால் தறப்பாளைப் பார்த்துக்கொண்டு இருக்காமல் அம்மாவைக் கொங்கிரீட் தட்டுப் போட்ட வீட்டுக்கு மாற்றுங்கள், வாகனம் இல்லாவிட்டால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அடியுங்கள். கயிறு நைலோன் என்றால் நனைந்ததும் கொஞ்சம் இளகும், நாளைக் காலை ஒருமுறை இறுக்கிக் கட்டுங்கள்.