ஜிஎல்எம்எஸ் ரைபோசைம்: துணைநொதி சேர்க்காத குழாயிலும் ஆர்.என்.ஏ. வெட்டுப்படுவது ஏன்?

கேள்வி

பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவின் ஜிஎல்எம்எஸ் ரைபோசைம் (நொதிபோல் வேலை செய்து தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் ஆர்.என்.ஏ.). டி7 பாலிமரேஸால் படியெடுத்து, ஜெல்லில் பிரித்துச் சுத்தம் செய்தது. வினைக் கலவை 20 மைக்ரோலிட்டர்: 50 மில்லிமோலார் டிரிஸ் (பிஹெச்சை நிலையாக வைக்கும் தாங்கல் கரைசல், பிஹெச் 7.5), 10 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு, 37 டிகிரி. துணைநொதியான குளுகோசமின்-6-பாஸ்பேட் 1 மில்லிமோலார் சேர்த்தால் சில நிமிடங்களில் பெரும்பகுதி வெட்டுப்பட்டுவிடுகிறது. சேர்க்காத குழாயிலும் 2 மணி நேரத்தில் அதே நீளத்துண்டு மங்கலாகத் தெரிகிறது. ஆர்என்ஏஸ் (ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதி) கலந்துவிட்டதா? இன்னொரு சந்தேகம்: மெக்னீசியத்தையும் இங்கே துணைநொதி என்று சொல்லலாமா?

பதில் 1

ஆர்என்ஏஸ் ஆக இருந்தால் ஜெல்லில் ஒரே துண்டு தெளிவாக நிற்காது. பட்டைக்குக் கீழே முழுக்க இழுவிக்கொண்டு தெரியும். ஆர்என்ஏஸ் ஏ வேலை செய்ய உலோக அயனி தேவையில்லை என்பதால் ஈடிடிஏ (உலோக அயனிகளைப் பிடித்துவைக்கும் பொருள்) சேர்த்தும் அதை நிறுத்த முடியாது. ஆகவே மெக்னீசியத்துக்குப் பதில் ஈடிடிஏ போட்டு ஒரு குழாய் வையுங்கள். அதிலும் சிதைவு தெரிந்தால் மாசு. அந்தத் துண்டு அதில் வராவிட்டால் வெட்டுவது ரைபோசைமேதான்.

ஒரு எச்சரிக்கை: டிரிஸ் கரைசலுக்கு டிஇபிசி (ஆர்என்ஏஸைச் செயலிழக்கச் செய்யும் வேதிப்பொருள்) போடாதீர்கள். டிரிஸின் அமைன் அதோடு வினைபுரிந்து தீர்த்துவிடும். தண்ணீரை 0.1% டிஇபிசியில் வைத்து, ஆட்டோகிளேவ் செய்த பிறகு, அந்தத் தண்ணீரில் டிரிஸைக் கரையுங்கள்.

பதில் 2

மாசு இல்லை, குற்றவாளி டிரிஸ்தான்.

குளுகோசமின்-6-பாஸ்பேட்டில் ஓர் அமைனும் அதற்குப் பக்கத்துக் கார்பனில் ஒரு ஹைட்ராக்சிலும் இருக்கின்றன. டிரிஸிலும் அதே அமைப்பு உண்டு. பிணைப்பு பலவீனம், வேகமும் மிகக் குறைவு. ஆனால் 50 மில்லிமோலார் இருக்கும்போது இரண்டு மணி நேரத்தில் கண்ணுக்குத் தெரிகிற அளவு வெட்டிவிடும். 50 மில்லிமோலார் ஹெப்பீஸுக்கு (இன்னொரு தாங்கல் கரைசல், பிஹெச் 7.5) மாறுங்கள். டி7 கலவையிலும் டிரிஸ், மெக்னீசியம் இரண்டும் இருப்பதால் படியெடுக்கும்போதே கொஞ்சம் வெட்டுப்படும், அதனால் ஜெல்லில் பிரிப்பதை விட்டுவிடாதீர்கள்.

முழுச் செயல்முறை இப்படி: ஆர்.என்.ஏ.வை மெக்னீசியம் இல்லாத ஹெப்பீஸில் 90 டிகிரியில் 1 நிமிடம் சூடாக்கி, அறை வெப்பத்துக்கு ஆறவிடுங்கள். பிறகு மெக்னீசியம் சேர்த்து 37 டிகிரியில் 10 நிமிடம் மடிய விடுங்கள். கடைசியாகத்தான் துணைநொதி. மெக்னீசியத்தை முன்னமே போட்டுக் கொதிக்க வைத்தால் ஆர்.என்.ஏ.வின் முதுகெலும்பே நீராற்பகுப்பால் உடையும். 10, 20, 40 நொடி, 2 நிமிடம் என 5 மைக்ரோலிட்டராக எடுத்து, 10 மைக்ரோலிட்டர் நிறுத்துகரைசலில் (95% பார்மமைடு, 25 மில்லிமோலார் ஈடிடிஏ) விடுங்கள். துணைநொதி இல்லாத குழாய்க்கு 30 நிமிடம், 2 மணி நேரம் போதும்.

இன்னொரு கட்டுப்பாட்டுக் குழாயை அவசியம் வையுங்கள்: குளுகோஸ்-6-பாஸ்பேட். அதே இடத்தில் போய் உட்காரும், ஆனால் அமைன் இருக்க வேண்டிய இடத்தில் ஹைட்ராக்சில் இருப்பதால் வெட்டாது. உண்மையான துணைநொதியையும் தடுக்கும். வெட்டுவதற்கு அமைன்தான் வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

கேள்வி கேட்டவர்

இது ரைபோஸ்விட்ச் (சிறுமூலக்கூறு ஒட்டியதும் மரபணுவைக் கட்டுப்படுத்தும் ஆர்.என்.ஏ. பகுதி) வகை அல்லவா? சிறுமூலக்கூறு வந்ததும் ஆர்.என்.ஏ. உருவம் மாறி வெட்டுகிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

பதில் 3

மரபணுக் கட்டுப்பாட்டுக்குப் பயன்படுவதால் ரைபோஸ்விட்ச் என்பது சரி. உருவம் மாறி வெட்டுகிறது என்பது தவறு. 2006-இல் வெளியான படிக அமைப்புகளில், மூலக்கூறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வினை மையம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. இடம் முன்பே தயார். அங்கே வந்து அமரும் அமைன், பிரிந்துபோகும் 5' ஆக்சிஜனுக்கு ஒரு புரோட்டானைக் கொடுக்கிறது. வினைக்குள்ளேயே பங்கெடுப்பதால் அதைத் துணைநொதி என்பதே பொருத்தம். டிரிஸ் வெட்டுவதும் இதனால்தான்.

புரதத்தில் ஹிஸ்டிடின் அமினோ அமிலத்தின் பிகேஏ (ஒரு தொகுதி பாதியளவு புரோட்டானை இழந்திருக்கும் பிஹெச்) 6–7 சுற்றில் இருக்கிறது. புரோட்டானை வாங்கவும் கொடுக்கவும் வாகானது. ஆர்.என்.ஏ.வில் அடினினுக்குச் சுமார் 3.5, சைட்டோசினுக்கு 4.2, குவானின், யுராசில் இரண்டுக்கும் 9.2. நடுநிலையில் எதுவும் தயாராக இல்லை. ஹெபடைட்டிஸ் டெல்டா ரைபோசைம் ஒரு சைட்டோசினின் பிகேஏவை மேலே தள்ளிச் சமாளிக்கிறது. ஜிஎல்எம்எஸ், வெளியிலிருந்து பிகேஏ 8 அளவுள்ள அமைனைக் கடன் வாங்குகிறது. பிஹெச் 6 பக்கம் இறங்கினால் வேகம் படுத்துவிடுவதை நீங்களே பார்க்கலாம்.

மெக்னீசியத்தை நான் துணைநொதி என்று சொல்லமாட்டேன். கோபால்ட் ஹெக்சமீனில் (ஆறு அம்மோனியா சூழ்ந்த கோபால்ட் அயனி) அம்மோனியாக்கள் கழன்று ஆர்.என்.ஏ.வுக்கு இடம் விடுவதில்லை. அதைப் போட்டாலும் இந்த ரைபோசைம் வெட்டுகிறது. ஆக இங்கே உலோக அயனியின் வேலை மடிப்பைத் தாங்குவது. டெட்ராஹைமீனா இன்ட்ரானில் (ஒரு செல் உயிரியில் தன்னைத்தானே வெட்டி நீக்கிக்கொள்ளும் ஆர்.என்.ஏ. பகுதி, 1982-இல் செக் குழு கண்டது) கதை வேறு: அங்கே மெக்னீசியம் வினையிலேயே நேரடியாகக் கைவைக்கிறது, வெளியிலிருந்து வரும் குவனோசினின் 3' ஹைட்ராக்சில் போய்த் தாக்குகிறது.

பதில் 2 (தொடர்ச்சி)

ஒன்று விட்டுப்போயிற்று. வெட்டிய பின் கீழ்த்துண்டின் 5' முனையில் பாஸ்பேட் இருக்காது, வெறும் ஹைட்ராக்சில்தான். கதிரியக்கக் குறியிட வேண்டுமானால் பாஸ்படேஸ் (பாஸ்பேட்டை நீக்கும் நொதி) படியைத் தவிர்த்து நேராக டி4 கைனேஸ் (பாஸ்பேட்டை ஒட்டும் நொதி) போடலாம். பேசில்லஸ் செல்லுக்குள் அந்த வெற்று முனையைப் பார்த்துத்தான் ஆர்என்ஏஸ் ஜே மிச்சமுள்ள செய்தி ஆர்.என்.ஏ.வை அழிக்கிறது.