கீபோர்டு போனில் ‘படம்’ அடித்தால் ‘பட்டம்’ வருகிறது, உதவி தேவை

மௌனவிசை:
வணக்கம். திரைக்குக் கீழே நிஜமான கீபோர்டு உள்ள ஆண்ட்ராய்டு போன் ஒன்றை ஐந்து மாதமாக வைத்திருக்கிறேன். வேறொருவர் பயன்படுத்திய பழைய போன். வீட்டில் எல்லோரும் அதைப் ‘பட்டன் போன்’ என்கிறார்கள், திருத்தி அலுத்துவிட்டது. கண்ணாடியைத் தடவாமல் எழுதலாம் என்றுதான் இதற்கு மாறினேன். இப்போது எழுதுவதைத் தவிர மற்ற எல்லாமே தகராறு. யோசித்தால் எழுதுவதும் தகராறுதான்.

எழுதும் இடத்தைத் தொட்டதும் திரையிலும் ஒரு கீபோர்டு எழும்புகிறது. கீழே ஒன்று, மேலே ஒன்று, நடுவில் நான் எழுதும் ஒற்றை வரி. வங்கி ஆப்பில் ‘தொடர்க’ பொத்தான் திரைக்குக் கீழே எங்கோ போய்விட்டது. எவ்வளவு தள்ளினாலும் மேலே வருவதில்லை. திரை 3:2 விகிதம்.

எல்லாவற்றையும்விடக் கடுப்பேற்றுவது தமிழ்தான். தமிழ்99 முறையில் அடிக்கிறேன், உயிருக்கும் மெய்க்கும் தனித்தனி விசை உள்ள கீபோர்டு அமைப்பு அது. ‘படம் அனுப்பு’ என்றால் ‘பட்டம் அனுப்பு’ என்று போகிறது. ‘வீடு’ ‘வீட்டு’ ஆகிறது. எப்போதும் இல்லை, அவ்வப்போது. தமிழ் அடிக்கும் ஆப்பை மாற்றிப் பார்த்தேன், அப்படியேதான் இருக்கிறது.

அரைத்தூக்கம்:
பேசாமல் தொடுதிரைக்கே போய்விடுங்கள் நண்பரே.

மௌனவிசை:
போகத் தெரியும். கேள்வி அது இல்லை.

நெடுங்கோடு:
முதல் இரண்டுக்கும் வழி உண்டு. அமைப்புகளில் மொழி, உள்ளீடு இருக்கும் பகுதியில் ‘இயற்பியல் கீபோர்டு’ என்று ஒரு பக்கம் இருக்கும். அகப்படாவிட்டால் அமைப்புகளிலேயே தேடிப் பாருங்கள். அதில் திரைக் கீபோர்டைக் காட்டும் விருப்பத்தை அணைத்துவிடுங்கள். எமோஜி, குரல் உள்ளீடு எல்லாம் கூடவே மறையலாம், பரவாயில்லை என்றால் சரி.

பொத்தான் மறைவதற்குக் காரணம் உயரம். இன்றைய ஆப்களை 20:9 போன்ற நெட்டைத் திரைகளை மனதில் வைத்துத்தான் வரைகிறார்கள். அகலம் 411 டிபி (ஆண்ட்ராய்டில் திரையை அளக்கும் அலகு) என்றால் அந்தத் திரையில் உயரம் 900க்கு மேல். உங்கள் 3:2 திரையில் அதே அகலத்துக்கு 617தான். கொஞ்சம் மெனக்கெட்டு உள்ளடக்கத்தை ஸ்க்ரோல் ஆகும்படி வைத்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை, யார் செய்கிறார்கள்?

‘திரை அளவு’ நகர்த்தியை முதலில் ஆகச் சிறியதற்குக் கொண்டுபோங்கள். போதவில்லை என்றால் டெவலப்பர் விருப்பங்களில் (ஆப் எழுதுபவர்களுக்கான மறைவான அமைப்புகள்) ‘குறைந்தபட்ச அகலம்’ என்பதை 480 ஆக்கலாம். உயரம் 720 கிடைக்கும். பழைய எண்ணை முதலில் குறித்து வையுங்கள். டெவலப்பர் விருப்பங்கள் இயங்கினால் திறக்க மறுக்கும் வங்கி ஆப்களும் உண்டு, அதனால்தான் நகர்த்தியை முதலில் சொன்னேன்.

துருவாணி:
ட விவகாரம் மென்பொருள் இல்லை என்று படுகிறது. தமிழ்99இல் ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி விழும். ஆக உங்கள் விசை ஒரு அழுத்தலை இரண்டாக அனுப்புகிறது, தமிழ்99 அதை அழகாக ‘ட்ட’ ஆக்கிக் கொடுக்கிறது. ‘பட்டம்’, ‘வீட்டு’ எல்லாம் நிஜச் சொற்கள் என்பதால் பிழைதிருத்தியும் வாய் திறக்காது.

ஒரு சோதனை. ஆங்கிலத்துக்கு மாறி அதே ட விசையை (ஆங்கிலத்தில் O) நிதானமாக 50 முறை தட்டி எண்ணுங்கள். அழுத்திப் பிடிக்கக் கூடாது, பிடித்தால் எழுத்து வரிசையாக ஓடும், அது வேறு விஷயம். பக்கத்து விசையையும் அப்படியே பாருங்கள்.

மௌனவிசை:
O 50க்கு 58. பக்கத்து விசை 50க்கு 50. திரைக் கீபோர்டு அணைந்துவிட்டது, பெரிய நிம்மதி.

துருவாணி:
அப்போது விசைக்கு அடியில் இருக்கும் தொடுப்புதான். அழுக்கோ தேய்மானமோ இருந்தால் ஒரே அழுத்தலில் தொட்டு, விட்டு, மறுபடி தொடும். போனை அணைத்து, கவிழ்த்துப் பிடித்து, மென்மையான தூரிகையால் தட்டுங்கள். அடங்காவிட்டால் 90 சதவீதத்துக்குக் குறையாத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக்குச்சியில் லேசாக நனைத்து விசையின் ஓரத்தில் தடவி, பல முறை அழுத்துங்கள். சொட்டக் கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகே இயக்குங்கள். தேய்மானம் என்றால் இதற்கு அடங்காது, கீபோர்டையே மாற்ற வேண்டியிருக்கும்.

ஔகாரம்:
தமிழ்99 என்றதும் வந்தேன். ஐந்து மாதமாக ‘சரி’, ‘நன்றி’ எப்படி அடிக்கிறீர்கள்? அந்த அமைப்புக்கு 31 விசை வேண்டும். போனில் எழுத்து விசை 26தான். மிஞ்சுகிற ச, ஞ, ந, ய, ழ ஐந்தும் கணினியில் அடைப்புக்குறி, அரைப்புள்ளி மாதிரியான விசைகளில் உட்கார்ந்திருப்பவை.

மௌனவிசை:
ஆல்ட் பிடித்துத்தான். ‘நான் யார்’ என்று கேட்கவே இரண்டு ஆல்ட் ஆகிறது.

ஔகாரம்:
உங்கள் ஆப்பில் விசைகளை மாற்றியமைக்க முடிந்தால் ஔ விசையில் ந வையுங்கள். ஔவை, மௌனம், கௌரவம் மாதிரி சில சொற்கள் தவிர ஔ எங்கே வருகிறது? என் பெயரை வைத்துக்கொண்டு நானே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மௌனவிசை:
மூன்று நாள் கழித்து வருகிறேன். தூரிகையால் பயனில்லை, ஆல்கஹாலுக்குப் பின் 50க்கு 51. நகர்த்தியிலேயே ‘தொடர்க’ தலைகாட்டிவிட்டது. எழுத்துதான் எறும்பு மாதிரி இருக்கிறது. ந இப்போது ஔ இடத்தில், விரல் இன்னும் பழகவில்லை.

கடைசியாக ஒன்று. எண்களும் ஆல்ட்டில்தான் இருக்கின்றன. ஆறு இலக்கக் குறியீடு அடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது.

நெடுங்கோடு:
ஆல்ட்டை அடுத்தடுத்து இரண்டு முறை தட்டிப் பாருங்கள், பெரும்பாலும் பூட்டிக்கொள்ளும். இன்னொரு முறை தட்டினால் விடும்.

மௌனவிசை:
பூட்டியது. முதல் முயற்சியிலேயே உள்ளே போய்விட்டேன். பூட்டை எடுக்க மறந்து, அடுத்து அனுப்பிய செய்தி முழுவதும் எண்களாகப் போயிற்று.