ஊரை ஒட்டி 9 வேலியில் 1,200 மனை: கிராம சபைக்கு முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

களத்துமேடு கேட்டது:

வணக்கம். கும்பகோணத்துக்கும் குடவாசலுக்கும் இடையே, அரசலாற்றுக்குத் தெற்கே உள்ள ஓர் ஊராட்சிக்காகக் கேட்கிறேன். மூன்று குக்கிராமம், மொத்தம் 600 வீடு. ஊரை ஒட்டி 9 வேலி, அதாவது 60 ஏக்கரில் மூன்று கட்டமாக 1,200 மனை போடப் பேச்சு நடக்கிறது. வீடு தேவை என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. நத்தத்தில் ஒரே கூரையின் கீழ் மூன்று அடுப்பு எரிகிற வீடுகள் நிறைய இருக்கின்றன.

நிலம் மூன்று துண்டு. வடக்கே நத்தத்தை ஒட்டிய பழைய கொல்லையும் திடலுமாக 12 ஏக்கர், புஞ்சை. கிழக்கே தார்ச்சாலையை ஒட்டி 30 ஏக்கர் இருபோக நஞ்சை. நடுவில் ஒரு ‘சி’ வாய்க்கால் (பாசனக் கிளை வரிசையில் மூன்றாவது), அதிலிருந்து பிரியும் இரண்டு ‘டி’ வாய்க்கால். தெற்கே காலனித் தெருவுக்குப் பின்னால் 18 ஏக்கர் தாழ்ந்த நஞ்சை, அதன் ஓரத்தில் வடிகால்.

மனை போடுகிறவர் சொல்வது: 60 ஏக்கரையும் முக்கால் மீட்டர் மண் அடித்து உயர்த்தித் தருகிறேன், வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க், தெருவோரம் சிமெண்ட் வாய்க்கால். எதையெல்லாம் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டும்? எந்தத் துண்டை முதலில் எடுக்கலாம்?

---

மட்டப்பலகை பதில்:

முதலில் மட்டம் எடுங்கள். 30 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் மூன்று துண்டிலும், அவற்றுக்கு இடையில் உள்ள வயலிலும், தெருக்களிலும் ஆட்டோ லெவல் வைத்து எடுக்க வேண்டும். மனை வரப்போகிற நிலத்தை மட்டும் எடுத்தால் அந்த வரைபடம் பயன்படாது. கூடவே மூன்று உயரங்கள் வேண்டும்: ‘சி’ வாய்க்கால் பிரிகிற மதகின் தளமட்டம், வடிகாலின் அடிமட்டம், வெள்ளம் நின்ற கறை. 2008 நவம்பரில் நிஷா புயல் மழையில் தண்ணீர் எதுவரை நின்றது என்று பழைய வீட்டுச் சுவரிலும் கோயில் படியிலும் காட்டுகிறவர்கள் ஊரில் இருப்பார்கள். அதையும் அளந்து எழுதுங்கள்.

நம் பகுதியில் தரை கிலோமீட்டருக்குச் சராசரியாக அரை மீட்டர்கூட இறங்குவதில்லை. முக்கால் மீட்டர் மண் அடித்தால், ஒன்றரை இரண்டு கிலோமீட்டரில் இருக்க வேண்டிய உயர வித்தியாசம் ஒரே வரப்பில் வந்துவிடுகிறது. மேட்டில் விழும் தண்ணீர் பக்கத்துத் தாழ்விடத்துக்குத்தான் போகும். உங்கள் ஊரில் அது காலனித் தெரு.

இப்போது கணக்கு. 60 ஏக்கர் என்பது ஏறத்தாழ 2,42,800 சதுர மீட்டர். ஒரு நாளில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 24,280 கன மீட்டர் தண்ணீர். வரப்பு 15 சென்டிமீட்டர், வயலில் 5 சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கிறது என்றால் மிச்சம் 10 சென்டிமீட்டர் காலி; அந்த மழை முழுவதையும் வயலே பிடித்துக்கொள்ளும். கூரையும் சாலையும் வந்த பிறகு அதில் எழுபது விழுக்காடு, சுமார் 17,000 கன மீட்டர், சில மணி நேரத்தில் வெளியே ஓடும். தெருவோரச் சிமெண்ட் வாய்க்கால் இந்தத் தண்ணீரை வேகமாகக் கொண்டுபோய்க் கொட்டுமே தவிர எங்கும் தேக்கிவைக்காது.

ஆகவே குளம் வேண்டும். இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள்: மூன்று மீட்டர் ஆழம் வெட்டினால் மூன்று மீட்டரும் கொள்ளளவு என்று எழுதிவிடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் ஒரு மீட்டருக்குள் வந்துவிடும். குளம் ஊற்றிலேயே பாதிக்கு மேல் நிறைந்து நிற்கும். நீர்மட்டத்துக்கு மேலே காலியாக இருக்கும் சுமார் ஒரு மீட்டர்தான் மழைக்குக் கணக்கு. 17,000 கன மீட்டருக்குக் கரைச்சரிவையும் சேர்த்து நாலரை ஏக்கர் நீர்ப்பரப்பு தேவை. ஒரே இடத்தில் வேண்டாம், துண்டுக்கு ஒன்றாக மூன்று குளம்.

இதுவும் சாதாரண மழைக்குத்தான். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் கொட்டியது. அப்படி ஒரு மழையை எந்தக் குளமும் தாங்காது. குளம் நிரம்பி வழியும் தண்ணீர் எந்த வழியாக வடிகாலுக்குப் போகும் என்று வரைபடத்தில் ஒரு கோடு இருக்க வேண்டும். அந்தக் கோட்டில் வீடோ மதிலோ வரக் கூடாது.

மண் அடிப்பது பற்றி. குளமும் பூங்காவும் போக மனையும் சாலையும் 51 ஏக்கர், முக்கால் மீட்டர் உயரம் என்றால் 1,55,000 கன மீட்டர். யூனிட் (100 கன அடி) கணக்கில் 54,000-க்கு மேல். 3 யூனிட் டிப்பரில் 18,000 நடை. இறுக்கத்துக்குக் கால் பங்கு கூட்டினால் இன்னும் அதிகம். மூன்று மீட்டர் அகல ஊர்ச்சாலை இதைத் தாங்காது. அவ்வளவு சவுடு, அதாவது நிரப்பு மண், எந்த நிலத்திலிருந்து வரும் என்பதையும் கேளுங்கள். குளங்களை மூன்று மீட்டர் வெட்டினால் 43,000 கன மீட்டர் கிடைக்கும், கால் பங்குக்குச் சற்று அதிகம். மண் அடிப்பதை வீடு நிற்கும் இடத்துக்கும் சாலைக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, கொல்லைப்புறத்தைப் பழைய மட்டத்திலேயே விட்டால் தேவையும் குறையும், தண்ணீர் நிற்க இடமும் கிடைக்கும். நம் பழைய ஊர்களும் இப்படித்தான்: குளம் வெட்டிய மண்தான் நத்தத்து மேடு.

அடிக்கும் முறையும் முக்கியம். நஞ்சையின் மேல் ஒரு அடி உழவுச் சேறு. அதை வழித்தெடுக்காமல் மேலே சவுடு கொட்டினால் இரண்டு மழைக்காலத்துக்குள் தரை உட்காரும், சுவர் பிளக்கும். வழித்த சேற்றைப் பூங்கா நிலத்துக்கும் பக்கத்து வயலுக்கும் கொடுத்துவிடலாம். சவுடை 20 முதல் 30 சென்டிமீட்டர் அடுக்காகப் போட்டு, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்ட வேண்டும். அஸ்திவாரம் அடித்த மண்ணில் நிற்கக் கூடாது. அதைத் தாண்டி இயற்கைத் தரைக்குள் போக வேண்டும். வெயிலில் கை நுழையும் அளவு வெடிக்கிற களியாக இருந்தால் மூன்றரை, நாலு மீட்டர் ஆழத்துக்கு அடிக்குமிழ் வைத்த பைல் (அடிப்பகுதி அகன்ற கான்கிரீட் தூண்) போடுவதுதான் பாதுகாப்பு.

---

பழைய சிட்டா பதில்:

மட்டப்பலகை அண்ணன் சொன்னதற்குமேல் காகித வேலையைச் சொல்கிறேன்.

2020-ஆம் ஆண்டு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் இருக்கிறதே, மனை போட முடியாதே என்று கிராம சபையில் யாராவது எழுந்து சொல்வார்கள். அந்தச் சட்டத்தின் தடைப்பட்டியலில் இருப்பவை எண்ணெய், எரிவாயு எடுப்பது, உருக்காலை, செம்பு, அலுமினிய உருக்காலை, தோல் பதனிடுவது போன்றவை. வீட்டுமனை அதில் இல்லை. அதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

உங்களுக்குப் பிடி வேறு இடத்தில் இருக்கிறது. ஊர் முழுமைத் திட்டப் (மாஸ்டர் பிளான்) பகுதிக்குள் இருந்தால் நில உபயோக வரைபடம். வெளியே இருந்தால் 1971 நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 47-அ பிரிவும் 2017-இல் வந்த நில உபயோக மாற்ற விதிகளும். விவசாய நிலம் மாறுவதற்கு எழுத்துமூல அனுமதி வேண்டும். நஞ்சையை மாற்றுவது என்பதால் ‘இதில் எத்தனை போகம், எந்த வாய்க்கால் பாசனம், கீழே எத்தனை ஏக்கர் இதை நம்பியிருக்கிறது’ என்று ஊராட்சி எழுதும் கடிதத்துக்கு அங்கே எடை உண்டு. ‘ஆட்சேபணை இல்லை’ என்று ஒற்றை வரியில் அனுப்பிவிட்டால் பிறகு பேச இடம் இருக்காது.

‘அ’ பதிவேட்டையும் (ஊர் நிலப் பதிவேடு) புலப்படத்தையும் (சர்வே அளவு வரைபடம்) துண்டு துண்டாக ஒப்பிடுங்கள். கோயில் நிலமா, மடத்து நிலமா, பூதான நிலமா, உச்சவரம்பில் எடுத்த நிலமா என்று பாருங்கள். கோயில் நிலம் என்றால் 1959 அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி ஆணையர் அனுமதி இல்லாத விற்பனை செல்லாது.

பெரிய பொறி வாய்க்காலில் இருக்கிறது. ‘சி’ வாய்க்காலுக்குப் பெரும்பாலும் புறம்போக்குப் புல எண் இருக்கும். ‘டி’ வாய்க்காலும் அதற்குக் கீழே உள்ளதும் பல இடங்களில் பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடும். புலப்படத்தில் கோடுகூட இருக்காது. மனைப்பிரிவு வரைபடம் போடுகிறவர் புலப்படத்தைப் பார்த்துப் போடுவார். தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் காகிதத்தில் காணாமல் போய்விடும். வாய்க்காலை நடந்து பார்த்து, அகலம், ஆழம், எத்தனை மா (மூன்று மா ஓர் ஏக்கர்) பாய்கிறது என்று எழுதி, பாசனதாரர்கள் கையெழுத்தோடு தீர்மானத்துடன் இணையுங்கள்.

மூன்று கட்டம் என்றதும் இன்னொன்று கவனிக்க வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மிச்சத்தில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளி நிலமாகக் கொடுத்தே ஆக வேண்டும். அதற்குக் கீழே என்றால் நிலத்துக்குப் பதில் பணம் கட்ட வழியுண்டு. இரண்டே கால் ஏக்கர், இரண்டே கால் ஏக்கராக நறுக்கி மனு போட்டால் 60 ஏக்கருக்கும் ஒரு விளையாட்டுத் திடல்கூட மிஞ்சாது. மூன்று துண்டுக்கும் சாலை, குளம், வடிகால் காட்டும் ஒரே வரைபடத்தை முதலில் வாங்குங்கள். 500 சதுர மீட்டருக்கு மேல் என்பதால் ரெரா (வீடு, மனை விற்பனை ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் இல்லாமல் முன்பணம் வாங்கவும் முடியாது, விளம்பரமும் செய்ய முடியாது.

வடக்குக் கொல்லையில் ஏற்கெனவே விற்ற அங்கீகாரமில்லா மனைகள் இருந்தால், பத்திரத் தேதி 20.10.2016-க்கு முன்னா பின்னா என்று தனியாகப் பட்டியல் எடுங்கள். வரன்முறைத் திட்டத்துக்கு அந்தத் தேதிதான் எல்லை.

---

களத்துமேடு:

இருவருக்கும் நன்றி. செப்டிக் டேங்க் பற்றி யாரும் சொல்லவில்லையே? ‘கிராமத்தில் எல்லோரும் அப்படித்தானே வைத்திருக்கிறார்கள்’ என்கிறார் மனை போடுகிறவர்.

---

உறைகிணறு பதில்:

600 வீடு, பெரிய பெரிய கொல்லைகளோடு பரவி இருக்கும்போது அது ஓடியது. 30-க்கு 40 அடி மனையில் ஓடாது. உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணறு அல்லது போருக்கும் இடையே 18 மீட்டர் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். அந்த மனையின் மூலைக்கு மூலை அளந்தாலே 15 மீட்டர்தான். பக்கத்து வீட்டுப் போரும் எதிர்வீட்டுப் போரும் அதற்குள் வந்துவிடும்.

1,200 வீடு, வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்றால் நாளுக்கு ஆறரை லட்சம் லிட்டர். அதில் எண்பது விழுக்காடு, 5.2 லட்சம் லிட்டர், கழிவுநீராகத் திரும்பும். கார்த்திகையில் களிமண் ஒரு குடம்கூடக் குடிக்காது. குழி நிரம்பி, தொட்டி நிரம்பி, கடைசியில் ஒரு குழாயைத் தெருவோர வாய்க்காலில் சொருகுவார்கள். சிமெண்ட் வாய்க்கால் சாக்கடையாகும். அது போய்ச் சேருவது நாம் வெட்டச் சொன்ன குளம். உறை இறக்கிய தொட்டி என்றால் இணைப்பு வழியாக ஊற்று உள்ளே வரும். மழைக்காலத்தில் காலி செய்தால், இலேசான தொட்டியாக இருந்தால் தரையைவிட்டு மேலே எழும்பிக் குழாயை முறித்துவிடும்.

நகரம்போலப் பாதாளச் சாக்கடையும் இங்கே சுலபமில்லை. 150 மில்லிமீட்டர் குழாயில் கழிவு தங்காமல் ஓட, ஏறக்குறைய 150 மீட்டருக்கு ஒரு மீட்டர் சரிவு வேண்டும். 600 மீட்டர் தெருவுக்கு நாலு மீட்டர் இறக்கம். தொடக்க ஆழத்தையும் சேர்த்தால் ஐந்து மீட்டர். ஒரு மீட்டரில் ஊற்று நிற்கிற மண்ணில் ஐந்து மீட்டர் பள்ளம் தோண்டினால் பக்கம் சரிந்துகொண்டே இருக்கும்.

பொருந்துவது இதுதான்: வீட்டுக்கு வீடு நீர் கசியாத கான்கிரீட் தொட்டியில் மண்டியைத் தங்கவைத்து, தெளிந்த நீரை மட்டும் சிறு குழாயில் எடுப்பது. மண்டி இல்லாததால் அதில் பாதிச் சரிவே போதும், பள்ளத்தின் ஆழமும் வெகுவாகக் குறையும். துண்டுக்கு ஒரு சுத்திகரிப்பு இடம். தடுப்பறைத் தொட்டி, பிறகு கல்வாழையும் நாணலும் நட்ட ஜல்லிப் படுகை. 60 ஏக்கருக்கும் சேர்த்து இரண்டு ஏக்கராவது கேட்கும். எழுபது மனை குறையும். அதை ஒப்புக்கொள்ளாவிட்டால் மேலே பேச வேண்டாம் என்பது என் கருத்து. மண்டி எடுக்கும் லாரி எந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் என்றும் எழுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் இரவில் வடிகாலில்தான் திறந்துவிடுவார்கள்.

---

கடைமடை பதில்:

எந்தத் துண்டு முதலில் என்ற கேள்விக்கு என் பதில்: வடக்குக் கொல்லை. ஏற்கெனவே மேடு, நத்தத்தை ஒட்டியது, பள்ளிக்கும் நியாயவிலைக் கடைக்கும் நடந்து போகலாம், பாசனம் கெடாது. 12 ஏக்கரில் 240 மனை வரும். ஊரின் இப்போதைய தேவை அதில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

கிழக்கு 30 ஏக்கரைச் சாலை ஓரமாக மட்டும் முதலில் விற்றால் சாலைக்கும் வயலுக்கும் நடுவே ஒரு சுவர் எழும்பிவிடும். அறுவடை இயந்திரம் இறங்க வழியில்லாத நிலத்தைக் கேட்ட விலைக்கு விற்பதைத் தவிர விவசாயிக்கு வேறு வழியில்லை. நாலு மீட்டர் வண்டிப்பாதையை வரைபடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். ‘சி’ வாய்க்காலைத் திறந்த வாய்க்காலாகவே விட வேண்டும்; தூர் வாரும் பொக்லைன் நிற்க ஒரு கரையில் இடம் வேண்டும். மனைக்கு மனை வாசல் வைக்க 300 மில்லிமீட்டர் குழாயைப் புதைத்து மண் மூடுவார்கள். ஒரு கொத்து ஆகாயத்தாமரையோ நெய்வேலிக் காட்டாமணக்கோ வந்து சிக்கினால் போதும், மேலே வெள்ளம், கீழே வறட்சி. பத்துப் பதினைந்து மனைக்கு ஒரு பெட்டிப்பாலம், உள்ளே ஆள் குனிந்து போய்ச் சுத்தம் செய்கிற அளவுக்கு, அதற்குக் குறைந்து எதையும் ஏற்காதீர்கள்.

தெற்கு 18 ஏக்கரில் மனையே வேண்டாம். காலனித் தெருவின் தண்ணீர் வடிகிற ஒரே பக்கம் அது. அதை உயர்த்தினால் நாலு பக்கமும் மேடாகி, தெரு நடுவில் தொட்டியாகிவிடும். தாழ்ந்த இடத்தை அந்த மக்கள் கேட்டு வாங்கவில்லை. ஊர் அவர்களுக்கு ஒதுக்கியது அதுதான். இப்போதாவது அந்தத் தெருவுக்கு வடிகாலை ஆழப்படுத்தி, மட்டப்பலகை சொன்ன குளங்களில் பெரியதை அங்கே வெட்டி, வரும் மண்ணைத் தெருவை உயர்த்தக் கொடுக்கலாம். அவர்களுடைய சுடுகாட்டுப் பாதை எந்த வரப்பு வழியாகப் போகிறது என்று கேட்டு, அதையும் வரைபடத்தில் பொதுப்பாதையாகப் போடுங்கள். பத்திரத்தில் இல்லாத பாதை, மதில் எழும்பிய அன்றே போய்விடும்.

---

களத்துமேடு:

கடைசியாக ஒன்று. குளத்தை யார் பார்த்துக்கொள்வது? மீன் குத்தகை விட்டால் ஊராட்சிக்கு வருமானம் என்கிறார்கள்.

---

மட்டப்பலகை பதில்:

சாலை, பூங்கா நிலத்தோடு குளத்தையும் தானப் பத்திரத்தில் ஊராட்சி பெயருக்கு வாங்குங்கள். பத்திரத்தில் கரையின் வெளி அடிவரை அளவு இருக்கட்டும். நீர்ப்பரப்பை மட்டும் எழுதினால் கரை போய்விடும். உள்ளே வரும் இடத்தில் வண்டல் தொட்டி. வெளியே போக மொத்தம் 17,000 கன மீட்டரும் 48 மணி நேரத்தில் வடிய விநாடிக்கு 100 லிட்டர். ஒரே குளமாக இருந்தால் 450 மில்லிமீட்டர் குழாய் போதும், மூன்றாகப் பிரிந்தால் அந்தந்தக் குளத்துக்கு ஏற்பக் குறையும். வடிகால் பெருகும்போது தண்ணீர் எதிர்த்து உள்ளே வராமல் இருக்க வெளிவாயில் ஒரு மூடிக்கதவு, தானாகச் சாத்துவது. புரட்டாசி முடிவதற்குள் அதைக் கழுவி எண்ணெய் போட வேண்டும்.

மீன் குத்தகை விடலாம். ஆனால் குத்தகைக்காரர் மீன் போகக் கூடாது என்று மதகில் பலகை போட்டு மட்டத்தை ஏற்றுவார்; மழைக்குக் காலியாக வைத்த ஒரு மீட்டர் அங்கே பறிபோகும். குளத்துக்குள் ஒரு அளவுக்கல் நட்டு, அதில் சிவப்புக் கோடு போடுங்கள். அக்டோபர் முதல் தேதியிலிருந்து பொங்கல்வரை தண்ணீர் அந்தக் கோட்டுக்கு மேல் தேங்கக் கூடாது, மதகில் பலகை போடக் கூடாது, வலை மட்டும் கட்டலாம், மீறினால் குத்தகை ரத்து என்று ஏல நிபந்தனையிலேயே எழுதிவிடுங்கள்.