டெலிகிராம் படிப்புக் குரூப்பில் பொட் கணக்குகள்: பிள்ளைகளை வெளியே தள்ளாமல் எப்படி நிறுத்துறது?

மலைச்சாரல்_டீச்சர் கேட்டது:

இலங்கையில் தமிழ்மொழி மூலம் ஓ.எல்., ஏ.எல். பரீட்சை எழுதுற பிள்ளைகளுக்கான டெலிகிராம் குரூப். 1,400 பேர் இருக்காங்க. ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, பண்டாரவளை, பதுளைப் பக்கத்துப் பிள்ளைகள்தான் அதிகம். கடந்தகால வினாத்தாள், மார்க்கிங் ஸ்கீம், கணக்குச் சந்தேகம் இவ்வளவுதான் அங்கே நடக்கும். பப்ளிக் குரூப், முகவரி பல ஸ்கூல் நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கு.

இப்போ விடியக்காலை 2 மணி, 3 மணிக்கு இருபது முப்பது கணக்கு ஒண்ணா வந்து சேருது. "வீட்டில் இருந்தபடியே நாளைக்கு 8,000 ரூபா", சூதாட்ட லிங்க், ஆபாசப் படம். அதைவிட மோசம், சில பிள்ளைகளின் இன்பொக்ஸில் போய் "நான்தான் அட்மின்" என்று சொல்லி, டெலிகிராம் கணக்குக்குள் நுழையிற லொகின் கோட் கேட்கிறாங்க.

"வேலை", "லோன்", "வட்டி" ஆகிய சொற்களைத் தடுத்திருக்கோம். ஸ்லோ மோட் 1 நிமிஷம். போட்டோ இல்லாத கணக்கை எல்லாம் ரிமூவ் பண்றோம். குப்பை குறையல, நல்ல பிள்ளைகள்தான் குறையுது. அட்மின் மூணு பேர். மூணு பேருக்கும் பகலில் வேலை. இந்த நிலைமையில் எதை முதலில் செய்யணும்?

சிங்கமலை_சுரங்கம்:

டீச்சர், நாம பொட் என்று சொன்னாலும் டெலிகிராமைப் பொறுத்தவரை இது பொட் இல்லை. டெலிகிராமின் உண்மையான பொட் தானா லிங்க்கைத் தட்டி ஒரு குரூப்புக்குள் வர முடியாது; யாராவது சேர்த்தால்தான் வரும். உங்களிடம் வர்றது ஏதோ ஒரு நம்பரில் பதிஞ்ச சாதாரண ஆள் கணக்கு. பின்னால் இருந்து புரோகிராம் ஓட்டுது. உள்ளே வந்த பிறகு அதைப் பிள்ளைகளிடம் இருந்து பிரிச்சு எடுக்கிறது கஷ்டம். ஆகவே வாசலைத்தான் அடைக்கணும்.

குரூப் செட்டிங்கில் "குரூப் டைப்" போங்க. பப்ளிக்காகவே இருக்கட்டும். அதே பக்கத்தில் கீழே "அப்ரூவ் நியூ மெம்பர்ஸ்" இருக்கும். அதை ஒன் பண்ணுங்க. இனி யார் தட்டினாலும் விண்ணப்பமா வரிசையில் நிற்கும். விடியக்காலை 3 மணிக்கு முப்பது பேர் வந்தாலும் உங்க தூக்கம் கெடாது. காலையில் தேநீர் குடிக்கிற நேரத்தில் பார்த்து முடிக்கலாம்.

அடுத்தது "பெர்மிஷன்ஸ்". அங்கே "ஆட் மெம்பர்ஸ்" திறந்திருந்தால் மூடுங்க. இல்லாட்டி உள்ளே நுழைஞ்ச ஒரு கணக்கு மிச்சத்தை இழுத்துப் போடும். அதே பக்கத்தில் "எம்பெட் லிங்க்ஸ்" என்று ஒண்ணு இருக்கு. அதை மூடினால் லிங்க் நின்றுவிடும் என்று பலரும் நம்புறாங்க. நிற்காது. லிங்க்கின் கீழே வரும் படம்தான் மறையும், லிங்க் அப்படியே போகும்.

"அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்" பக்கத்தில் "அக்ரெசிவ் ஆன்டி ஸ்பாம்" இருக்கு. 2022 கடைசியில் வந்தது, 200 பேருக்கு மேல் உள்ள குரூப்புக்குத்தான் கிடைக்கும், உங்களுக்குக் கிடைக்கும். ஆனா ஒன் பண்ணிட்டு விட்டுடாதீங்க. சில நேரம் நல்ல மெசேஜையும் தூக்கும். "ரீசன்ட் அக்ஷன்ஸ்" பகுதியில் அது நீக்கினது தெரியும், தப்பு என்றால் அங்கேயே சொல்லலாம். அந்தப் பதிவு 48 மணி நேரம்தான் நிற்கும். அதனால மூணு அட்மின்களில் ஒருத்தராவது தினம் ஒரு தடவை பார்க்கணும். பார்க்கும்போது "எடிட்டட் மெசேஜஸ்" என்று வடிகட்டியும் பாருங்க. "நன்றி சேர்" என்று ஒரு வரி போட்டுட்டு, நாலு மணி நேரம் கழிச்சு அதையே சூதாட்ட லிங்க்காக மாத்துற வித்தை இப்போ நிறைய நடக்குது. மேலே போன பழைய மெசேஜை யாரும் திரும்பப் பார்க்க மாட்டாங்க என்ற தைரியம்.

ஸ்லோ மோடை எடுத்துடுங்க. அது ஒரே கணக்கு திரும்பத் திரும்ப எழுதுறதைத்தான் தடுக்கும். இங்கே முப்பது கணக்கு, ஆளுக்கு ஒரு மெசேஜ். அடி விழுறது கணக்கின் மூணாவது வரியை எழுதிக்கிட்டு இருக்கிற பிள்ளைக்குத்தான்.

ஊவா_கணிதம்:

சேர் சொன்னதோடு சேர்த்து, சொல் தடையைப் பற்றி நான் சொல்றேன். அதை இன்றைக்கே எடுங்க டீச்சர். "வேலை"யைத் தடுத்தால் விஞ்ஞானத்தில் "வேலை, சக்தி, வலு" பாடம் முழுக்கப் போச்சு. "வட்டி"யைத் தடுத்தால் கூட்டு வட்டிக் கணக்குக் கேட்கிற பிள்ளையின் மெசேஜ் காணாமல் போகும். அடுத்து "பங்கு" என்று போட்டீங்கன்னா பங்குச் சந்தைக் கணக்கும் போச்சு. பிள்ளைக்கு ஏன் மெசேஜ் போகலை என்றே தெரியாது, கேட்கிறதை நிறுத்திடும். அந்தப் பக்கம் குப்பை போடுறவன் ஆங்கிலச் சொல்லுக்கு நடுவில் ரஷ்ய எழுத்து ஒன்றைச் செருகுவான். கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும், தடைக்கு வேற சொல். ரோஸ் மாதிரியான காவல் பொட் வைத்திருந்தால் சொல்லை விட்டுட்டு ரஷ்ய எழுத்து, சீன எழுத்து இரண்டையும் பூட்டுங்க. தமிழ், சிங்களம், ஆங்கிலம் தவிர நம்ம பிள்ளைகளுக்கு வேறெதுவும் தேவை இல்லையே. லிங்க்கையும் மொத்தமாப் பூட்டி, பரீட்சைத் திணைக்களத் தளம், கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளம், யூடியூப் மாதிரி நாலைந்தை மட்டும் அனுமதிக்கலாம்.

காவல் பொட்டுக்கு இரண்டே உரிமை போதும்: மெசேஜ் நீக்குறது, ஆளைத் தடை செய்றது. புது அட்மின் சேர்க்கிற உரிமையைக் கொடுக்கவே வேண்டாம். பெயரில் ஒரு எழுத்து மாறின போலிப் பொட்டுகளும் இருக்கு, சேர்க்க முன்னர் எழுத்து எழுத்தாப் பாருங்க.

விண்ணப்பம் வந்தால் யார் பிள்ளை, யார் இல்லை என்று எப்படிக் கண்டுபிடிக்கிறது? போட்டோவை வைத்து முடிவு செய்யவே கூடாது. தோட்ட லயத்துப் பிள்ளைகள் பலர் அம்மாவின் போனில் வர்றாங்க. கணக்குப் பெயர் அம்மா பெயர், அல்லது வெறும் ஒரு புள்ளி. வெளிநாட்டு நம்பர் என்று தள்ளவும் முடியாது. கட்டாரிலும் குவைத்திலும் வேலை செய்ற அம்மா அப்பா, பிள்ளைக்கு வினாத்தாள் எடுக்கச் சேர்ந்திருப்பாங்க.

குரூப் விளக்கத்தில் ஒரு கூகுள் போம் லிங்க் போடுங்க. நாலு கேள்வி: எந்த ஸ்கூல், எந்த வகுப்பு, விண்ணப்பத்தில் தெரியும் டெலிகிராம் பெயர், கடைசியில் ஒரு வாசல் கேள்வி. "3 + 4 எவ்வளவு" என்று கேட்காதீங்க, அதை எந்தப் புரோகிராமும் சொல்லும். "தேயிலைச் செடியில் தினமும் பறிக்கிறதை நம்ம பக்கம் எப்படிச் சொல்வோம்?" என்று கேளுங்க. "கொழுந்து" என்று வரும். ஆங்கில எழுத்தில் பல விதமா அடிப்பாங்க, எல்லாத்தையும் ஏற்கணும். மெஷினை விட்டுச் சரிபார்க்காமல் கண்ணால் பாருங்க. "தேயிலை இலை" என்று வந்தால் உடனே தள்ளாதீங்க, டவுன் பிள்ளையா இருக்கலாம். ஸ்கூல் பெயரைப் பாருங்க. போன் நம்பர், அடையாள அட்டை நம்பர் எதையும் கேட்க வேண்டாம்.

பட்டன் தட்டிச் சரிபார்க்கிற வசதியையும் வைத்தால், நேரத்துக்குள் தட்டாதவரை வெளியேற்றுற அமைப்பை மட்டும் நிறுத்துங்க. தட்டும் வரை பேச முடியாமல் இருந்தால் போதும். அம்மா மலையால் இறங்கி, கொழுந்தை எடை போட்டுட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் போன் பிள்ளை கைக்கு வரும். டேட்டா கார்ட் முடிஞ்சிருந்தால் அதுவும் மறுநாள்தான்.

பூண்டுலோயா_நெட்:

குரூப்பை பிரைவேட் ஆக்கிட்டால் இவ்வளவு பாடு தேவையில்லையே? யூசர்நேமை எடுத்துட்டால் தேடலில் வராது.

சிங்கமலை_சுரங்கம்:

தம்பி, அதில் ஒரு ஆபத்து இருக்கு. யூசர்நேமை விட்டால் வேறு யாரும் அதை எடுத்துக்கலாம். ஸ்கூல் நோட்டீஸ் போர்டில் ஒட்டின முகவரி அப்படியே இருக்கும், பிள்ளை தட்டினால் சூதாட்டச் சேனலில் போய் விழும். பிரைவேட் ஆக்கியே தீரணும் என்றால், முதலில் ஒரு வெறும் சேனல் தொடங்கி, குரூப்பில் இருந்து எடுத்த பெயரைக் கையோடு அதுக்கு வைங்க. சேனலில் போம் லிங்க் மட்டும் இருக்கட்டும்.

இனிமேல் ஒட்டுற முகவரிக்கு ஸ்கூலுக்கு ஒரு லிங்க் உருவாக்குங்க, ஒவ்வொன்றுக்கும் ஸ்கூல் பெயரை வைங்க. அந்தப் பெயர் அட்மின்களுக்கு மட்டும்தான் தெரியும். ஒவ்வொன்றிலும் "ரிக்வெஸ்ட் அட்மின் அப்ரூவல்" ஒன் பண்ணணும். அதை ஒன் பண்ணினால் "இத்தனை பேர்தான்" என்ற எல்லையை வைக்க முடியாது, பரவாயில்லை. ஒரு லிங்க் வழியா மட்டும் குப்பை வந்தால் அதை மட்டும் ரத்துச் செய்யலாம், மற்ற ஸ்கூல் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது.

பூண்டுலோயா_நெட்:

சரிண்ணே, நோட்டீஸ் போர்ட் விஷயத்தை நான் யோசிக்கல. அப்போ இன்பொக்ஸில் வர்ற போலி அட்மினுக்கு: உறுப்பினர் பட்டியல் பக்கத்தில் "ஹைட் மெம்பர்ஸ்" ஒன் பண்ணுங்க டீச்சர். 100 பேருக்கு மேல் இருந்தால் கிடைக்கும். பட்டியலை அள்ள முடியாது. ஆனா குரூப்பில் எழுதுற பிள்ளையின் பெயர் எப்படியும் தெரியும். அதனால "அட்மின் யாரும் இன்பொக்ஸுக்கு வர மாட்டோம், கோட் கேட்க மாட்டோம்" என்று பின் பண்ணி வைங்க.

ஏற்கெனவே கோட் கொடுத்த பிள்ளை இருந்தால் இதுதான் அவசரம். அந்தப் பிள்ளையின் கணக்கில் இருந்தே குப்பை வரும், அதைப் பொட் என்று நினைத்துத் தடை செய்துட்டு விட்டுடாதீங்க. பிள்ளையின் போனில் செட்டிங்ஸ், "டிவைசஸ்", "டெர்மினேட் ஓல் அதர் செஷன்ஸ்". புதுசா நுழைஞ்சவனால் முதல் 24 மணி நேரத்துக்குப் பழைய போனை வெளியேற்ற முடியாது, அந்த ஒரு நாள் பிள்ளையின் கையில் இருக்கு. வெளியேற்றின உடனே "டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்" பாஸ்வேர்ட் போடணும். அந்தப் பாஸ்வேர்டை அம்மாவும் ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். மிரட்டல், படம் கேட்கிறது மாதிரி ஏதாவது நடந்திருந்தால் ஸ்கிரீன்ஷொட் எடுத்துட்டு இணையப் பாதுகாப்பைப் பார்க்கிற இலங்கை செர்ட்டின் 101க்குப் பேசுங்க. முதலில் மெசேஜை அழிச்சுடாதீங்க.

மலைச்சாரல்_டீச்சர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. விண்ணப்ப முறையும் "ஹைட் மெம்பர்ஸ்"உம் போட்டாச்சு, சொல் தடையை எடுத்தாச்சு. போட்டோ இல்லை என்று நாங்க எடுத்த பிள்ளைகளுக்குத் திரும்ப லிங்க் அனுப்பினோம், அவங்களுக்கு உள்ளே வர முடியலையாம். ஏன்?

சிங்கமலை_சுரங்கம்:

ரிமூவ் பண்ணினால் அது தடையும்தான் டீச்சர். "பெர்மிஷன்ஸ்" பக்கத்தின் கீழே "ரிமூவ்ட் யூசர்ஸ்" பட்டியல் இருக்கும். முதலில் அதில் இருந்து பிள்ளையின் பெயரை எடுக்கணும், பிறகுதான் லிங்க் வேலை செய்யும். பட்டியலை மொத்தமா அழிச்சுடாதீங்க, பொட் கணக்குகளும் அதுக்குள்தான் இருக்கு. ஸ்கூல் டீச்சர்மாரிடம் பெயர் கேட்டு ஒவ்வொண்ணா எடுங்க.